பவுனுக்குப் பயம் தெரியாது

அம்மிணி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிறான் இந்த மனுஷன் என்று தெரிந்தால் உன் மாமன் கல்யாண வீடு முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும். நேரிலேயே சொல்லிவிடலாம் என்று பலமுறை உன் பக்கத்தில் வந்து நின்றேன். ஒருமுறை நீ ரவிக்கை தைப்பவரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். இன்னொரு முறை உன்னைச் சுற்றி அத்தைமார் கூட்டம். கடைசியாகக் குதிரைக் கொட்டாய்ப் பக்கம் உன்னைத் தனியாகப் பிடித்தபோது நீயே முந்திக்கொண்டு, "என்னங்கப்பா, வழி தவறி வந்துட்டீங்களா? உள்ள குதிரை இருக்குதுங்க" என்றாய். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். அதனால்தான் பட்டறை ஆபீசில் உட்கார்ந்து, வெளியே கட்டர் மெஷின் கத்துகிற சத்தத்துக்கு நடுவில் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கதை. கல்யாணம் முடிந்த மறுநாள் நீயும் மாப்பிள்ளையும் நம்ம குதிரை பவுனை வண்டியில் பூட்டிக்கொண்டு ஓமலூருக்குப் போகிற திட்டம் வேண்டாம். காரில் போங்கள். ராசிபுரத்தில் தங்கிப் போவது, வழியெல்லாம் படம் பிடிப்பது, மாமியார் வீட்டு வாசலில் நீயே கடிவாள வாரைப் பிடித்து வண்டியை நிறுத்துவது, எல்லாவற்றையும் விட்டுவிடு. ஊரே இதற்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே "ஜாதகம் கெடக்கட்டுமுங்க, குதிரையை ஒருக்கா பாக்கலாமுங்களா" என்று கேட்ட மாப்பிள்ளை அவர். அவரும் நீயும் சேர்ந்து போட்ட திட்டத்தைக் கெடுக்க எனக்கு மட்டும் ஆசையா? நான் பயந்துபோய் இருக்கிறேன் அம்மிணி.

நான் எப்போதுமே பயந்தாங்கொள்ளிதானே என்பாய். வாஸ்தவம். உன் அம்மா வீட்டில் பிறந்த குழந்தைகள் தவழ்வதற்கு முன்பே குதிரைமேல் உட்கார்ந்தவர்கள். நான் லாரிச் சேசிஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறைக் குடும்பம். எங்கள் வீட்டில் நாய்கூடக் கிடையாது. எங்கள் கல்யாணத்தன்று பெண் வீட்டார் ஆசையாகக் குதிரை வண்டி ஜோடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நானும் மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்தேன். அந்தச் சனியன் ஒரு தும்மல் தும்மியது. அவ்வளவுதான், எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது, வேட்டி வண்டிச் சக்கரத்தில், நான் தரையில். அந்தப் படம் இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. உன் அம்மா அன்றைக்கு மணவறை என்றும் பார்க்காமல் சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்துத்தான், இந்த வீட்டில் பயத்தை வெளியே காட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவை இத்தனை வருஷமாகக் காப்பாற்றியதாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரியும் என்று இப்போதுதான் தெரிகிறது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு நீங்கள் எல்லோரும் வண்டியில் ஏறி ஏரிக்கரைக்குப் போவீர்கள். உன் அம்மா வாரைப் பிடித்திருப்பாள், மாமன் பக்கத்தில், நீ அம்மா மடியில். "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று நீ கத்துவது பின்னால் வருகிற எனக்கும் கேட்கும். நான் மொபெட்டில் வருவேன். அப்பாவுக்கு மொபெட் ஓட்டத்தான் பிடிக்கும் என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தாய். அட சாமி, அந்த மொபெட்டின் பெட்டியில் பஞ்சும் கட்டுத்துணியும் டெட்டாலும் வைத்திருந்தேன். கரையில் நீங்கள் போண்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டு, அப்போதிருந்த குதிரைக்கும் ஒரு துண்டு கொடுத்துக்கொண்டு, அப்படி ஒரு சந்தோஷமாக இருப்பீர்கள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் வந்தேன், பொய் சொல்லவில்லை. பயத்தோடு பார்த்தேன், அவ்வளவுதான். நீ தனியாக வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகு, குளம்புச் சத்தம் வாசலைத் தாண்டியதும் பட்டறைக்குள் போய் ஏதாவது ஒரு மெஷினைப் போட்டுவிடுவேன். நீ திரும்பி வருகிற சத்தம் கேட்டால்தான் அணைப்பேன்.

பவுனு வந்த கதை உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் பயம் அங்கேதான் இருக்கிறது. தாயை விட்டுப் பிரித்த குட்டியாக அந்தியூர்ச் சந்தையிலிருந்து மாமன் ஓட்டிவந்தபோது கொட்டாய்க் கூரையை மாற்றிக்கொண்டிருந்தோம். தற்காலிகமாகப் பட்டறை வேப்பமரத்தில் கட்டினோம். அப்புறம் அது அங்கேயே பழகிவிட்டது. சுத்தியல் அடிக்கிற சத்தம், வெல்டிங் பொறி, ஏர் ஹாரன் சோதிக்கிற அலறல், எதற்கும் காது அசைக்காது. பாடி கட்டி முடித்து நிற்கிற லாரிகளின் பம்பரில் போய்க் கழுத்தைத் தேய்க்கும். நீ லாரித் தளத்தில் கொள்ளு வைத்தால் பலகை வழியாகத் தானாக மேலே ஏறித் தின்றுவிட்டு இறங்கும். பெயின்ட் காயாத லாரியில் தேய்த்து ஒருநாள் நீலக் குதிரையாக வந்ததற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாயே. மாமனுக்கோ பெருமை தாங்கவில்லை. "மச்சான், ஊருல இருக்கற குதிரையெல்லாம் லாரியப் பாத்தா மெரளுது. நம்ம பவுனுக்கு லாரின்னா வூட்டுக்கு வந்த ஒரம்பரை மாதிரிங்க" என்று சந்தைக்குச் சந்தை போய்ச் சொன்னான். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். என் பட்டறையில் வளர்ந்த குதிரை அல்லவா.

போன மாதம் நீ வண்டியைப் பைபாஸ் வரைக்கும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினாய். டீக்கடை முக்கில் நாங்கள் எல்லோரும் நின்றோம். முட்டை லோடு ஏற்றிய லாரி ஒன்று ரிவர்ஸில் பவுனை நோக்கி வந்தது. பவுனு அதைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது. கிளீனர் இறங்கி ஓடிவந்து லாரியின் பின் பலகையில் பட் பட்டென்று அடித்துக் கத்தினான். லாரி நின்றபோது பவுனின் மூக்குக்கும் பலகைக்கும் நடுவே என் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. நீ வண்டியில் உட்கார்ந்து சிரித்தாய். "பாத்தீங்களாப்பா, ஒரு அடி அசைஞ்சாளா பாருங்க!" மாமன் கை தட்டினான். உன் அம்மாகூட, "ஏனுங்க, உங்க மூஞ்சி ஏனுங்க இப்படி வெளுத்துப் போச்சு? குதிரை நிக்குது, நீங்க உளுந்துருவீங்க போல" என்றாள். டீ வாங்கிக் குடித்துவிட்டு எல்லோரும் வீடு வந்தோம்.

மறுநாள் நீ புடவை எடுக்கக் குமாரபாளையம் கிளம்பிப் போனாய், சித்தி வீட்டில் சில நாள் தங்கி வருவதாகச் சொல்லிவிட்டு. நான் நம்ம டிரைவர் முருகேசனைக் கூப்பிட்டேன். பாடி கட்டிய வண்டிகளை ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கிறவர், கை தேர்ந்த டிரைவர். பவுனை நீளக் கயிற்றில் கட்டச் சொல்லிவிட்டு, முடிந்து நின்ற லாரி ஒன்றை அவளை நோக்கி மெள்ள உருட்டச் சொன்னேன். "வேண்டாமுங்க மொதலாளி, பாப்பாவுக்குத் தெரிஞ்சா என்னய உசுரோட உடாது" என்றார். உருட்டச் சொன்னேன். லாரி வந்தது. பவுனு நகரவில்லை. காதை முன்னால் நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, பம்பரை மோந்து பார்க்க ஒரு எட்டு முன்னால் வைத்தாள். முருகேசன் பிரேக்கை அழுத்திவிட்டு இறங்கி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்குத் தைரியம் இல்லை அம்மிணி. அவளுக்கு விஷயமே தெரியாது. அவள் பிறந்ததிலிருந்து பார்த்த லாரி எல்லாம் நிற்கிற லாரி. கட்டையில் ஏற்றி வைத்த லாரி, பெயின்ட் காய்கிற லாரி, கொள்ளு வைத்த லாரி. லாரி என்றால் நிற்கும், உரசிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. ஓமலூர் வரைக்கும் அந்த ரோட்டில் வருகிற எதுவும் நிற்காது. கொஞ்ச நேரம் கழித்து எனக்கு இன்னொன்றும் தோன்றியது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. உன்னையும் நான் இப்படித்தானே வளர்த்தேன். நீ விழுவதற்குள் நான் ஓடிவந்து தாங்கினேன், நீ கேட்பதற்குள் ஆள் விட்டு வழி செய்தேன், என் பயத்தை மொபெட் பெட்டிக்குள் பூட்டி வைத்தேன். உன்னைச் சுற்றி எல்லாவற்றையும் நானே நிறுத்தி வைத்துவிட்டு, என் புள்ளைக்குப் பயமே கிடையாது என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

அதற்கப்புறம் நான் செய்ததைக் கேட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் இருப்பாய். பவுனுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ குமாரபாளையத்தில் இருந்த நாட்களில், பட்டறை ஆட்கள் போன பிறகு, தினமும் பொழுதோடு முருகேசனை லாரியை எடுக்கச் சொன்னேன். ஹாரனை அழுத்திக்கொண்டே அவள் மார்பில் பம்பர் இடிக்கிற வரைக்கும் ஓட்டச் சொன்னேன். முதலில் அவள் விளையாட்டென்று நினைத்தாள். தலையால் பம்பரை முட்டினாள். பிறகு ஒருநாள் லாரி தள்ளியதில் முன்னங்கால் மடங்கி விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்துவிட்டது. எழுந்தவள் லாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அடுத்த நாள் சாவி திருகுகிற சத்தத்துக்கே கயிறு அறுந்துவிடும் அளவுக்குப் பின்னால் இழுத்தாள். நான் சந்தோஷத்தில் முருகேசன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உருவிக்கொண்டு, "இது பாவமுங்க மொதலாளி, நாளையிலிருந்து என்னயக் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முழங்காலில் என்ன காயம் என்று நீ வந்து கேட்டபோது இரும்பு ஆங்கிளில் உரசிக்கொண்டாள் என்றேன். ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறாள் என்றாய். வெயில் என்றேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட மனதைத் தேற்றியிருப்பேன். என் கணக்கு இதுதான்: நீ வண்டி வேண்டாம் என்று ஒத்துக்கொண்டால், பவுனை லாரியில் ஏற்றி உனக்கு முன்பே ஓமலூருக்கு அனுப்பிவிடலாம். அவள்தான் தானாக ஏறுவாளே. நேற்று நீ பார்லருக்குப் போயிருந்தபோது பலகை போட்டு, மேலே கொள்ளு வைத்து, மாமனைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னேன். பவுனு பலகையைக் கண்டதும் இரண்டு காலில் நின்றாள். அவள் போட்ட சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தக் குதிரையிடமும் கேட்டதில்லை. மாமனை இழுத்துக்கொண்டு கொட்டாய்க்குள் போய், மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். மாமன் உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்திருந்தது. "மச்சான், இவளுக்கு என்னமோ ஆகிப்போச்சுங்க" என்று அழாத குறையாகச் சொன்னான். ஆக, லாரியிலும் அவளை அனுப்ப முடியாது. ரோட்டிலும் முடியாது, முன்பு நகரத் தெரியாமல் நின்றவள் இப்போது எதிரே ஹாரன் கேட்டால் வண்டியோடு உங்களைத் தூக்கிக்கொண்டு எங்கே பாய்வாள் என்று யாருக்குத் தெரியும். பயம் தெரியாத குதிரையை வைத்துப் பயந்தேன், இப்போது மிரளுகிற குதிரையை உண்டாக்கிவைத்துவிட்டு இரட்டிப்பாகப் பயப்படுகிறேன்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் குதிரை விஷயத்தில் நான் சொன்ன ஒன்றுக்கு அவள் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கொட்டாய்க்குப் போய்ப் பவுனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்து, "டீக்கடை முக்குல நானும் தானுங்க நின்னேன். குதிரை நின்னதத்தான் பாத்தேன், லாரி வந்தத நான் பாக்கல. நீங்க பாத்தீங்க. பாத்தத எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?" என்றாள். "கெடுத்தது நீங்க. நீங்களே கவுத்தப் புடிச்சு சரி பண்ணுங்க. நானும் வரமாட்டேன், என்ற தம்பியும் வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று விடிந்ததும் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். குதிரையின் கயிற்றை நான் என் ஆயுசில் பிடித்ததில்லை அம்மிணி. பவுனு என்னைக் கண்டதும் உதறினாள். அவளுக்கு இப்போது லாரியை விட என்னைக் கண்டால்தான் பயம். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். உனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது பேசுவேனே, அந்த உளறல்தான். வயல் வழியாகப் போய்ப் பைபாஸ் ரோட்டிலிருந்து தள்ளி நின்றோம். ஒரு லாரி வந்தது. அவள் உடம்பு நடுங்கியது. என் உடம்பும் நடுங்கியது. ஓடிவிடலாம் என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் நான் ஓடினால் அவளும் ஓடுவாள், கயிறு என் கையில் இருக்கிறது, என்ன செய்வது? நின்றேன். அவளும் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றாள். லாரி போய்விட்டது. அடுத்ததும் வந்து போனது. பிறகு ஒன்று வந்தபோது அவள் பின்னால் ஒரு எட்டு ஒதுங்கி, தலையைத் திருப்பி, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள். அடித்து மிரட்டி நான் கற்றுக்கொடுக்கப் பார்த்தது இந்த ஒரு எட்டைத்தான். நானும் பயந்துகொண்டே அவள் பக்கத்தில் நின்றிருந்தால் போதும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். பவுனை என்னிடம் விட்டுவிட்டுப் போ. கல்யாணத்துக்கு மறுநாள் காரில் போ, மாப்பிள்ளையிடம் உன் அப்பன் பயந்தாங்கொள்ளி என்றே சொல்லு, நான் ஒன்றும் குறைந்துபோய்விட மாட்டேன். தினமும் விடிகாலையில் நானே அவளைக் கூட்டிப் போய் நிற்கிறேன். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. லாரி வந்தால் ஒதுங்கி நிற்பது அவளுக்கு வழக்கமான பிறகு நீ வா. நீ வாரைப் பிடி, மாப்பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும், பின்னால் மொபெட் வராது. பின் பலகையில் எனக்கு இடம் போட்டு வை. குதிரை தும்மினாலும் இறங்க மாட்டேன். அதுவரைக்கும் அவளைப் பூட்டாதே. என் தலைமேல் அடித்துக் கேட்கிறேன், பூட்டாதே.

இதைக் கொட்டாய்க்குள், நீ சாட்டை மாட்டுகிற ஆணியில் சொருகிவைக்கிறேன். நாளைக் காலையில் நீ கொள்ளு எடுத்துக்கொண்டு வரும்போது கொட்டாய் காலியாக இருக்கும். பவுனு எங்கே என்று ஒரு கணம் உனக்கு நெஞ்சு திக்கென்று ஆகும். ஓட வேண்டாம், கத்த வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் பைபாஸ் ஓரத்தில்தான் நிற்போம். பாத்திரம், பண்டம், கட்டில், பீரோ என்று உனக்கு எல்லாச் சீரும் வைத்துவிட்டோம். அந்தத் திக்கென்றதையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போ சாமி.

அப்பா